கயிறு போலப் பின்னிய ஒயர்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சிநேகிதன் அந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் கூடத்துப் பாயில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். தடித்த புத்தகம் மாதிரி ஒரு கம்ப்யூட்டர். தட்டுகிற விசைகள் அதன் முதுகிலேயே பதிந்திருந்தன. ஒவ்வொரு விசையிலும் இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் அரபி எழுத்து. கரண்டுக்கு ஒரு கனமான கட்டை. ஒரு கேசட். பிறகு பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். தெர்மாகோல் துண்டு ஒன்று விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் விழவில்லை.

"டிவிக்குப் போற ஒயரு எங்க?" என்றேன்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்க ரூம்லயே தொங்கினு இருக்குதுடா. மிஷின்லேர்ந்து இந்தப் பக்கத்தப் புடுங்கினேன். டிவில இருக்கிற அந்தப் பக்கத்த மறந்துட்டேன்."

அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொந்தத் திரை கிடையாது. டிவிப் பெட்டியோடு இணைத்தால்தான் நாம் தட்டுவது கண்ணுக்குத் தெரியும். இணைக்கிற ஒயரோ கடல் தாண்டி, எட்டுப் பேர் தங்கும் ஓர் அறையில், எல்லாரும் சேர்ந்து வாங்கிய டிவியின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி என்னிடம் கேட்டாள். "எப்படியாவது படம் வந்துடுமாண்ணே?"

"வரவெச்சுடலாம்மா."

"வந்தா இருப்பாரு. வரலைன்னா திங்கக்கிழமை போயிடுவாரு." சோற்றுக்கு உலை வைத்துவிட்டேன் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

எண்பதுகளின் பின்பாதி அது. நாங்கள் இருவரும் பழவேற்காட்டில் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அவன் குடும்பம் ஒரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்தது. அவன் காலத்தில் அந்தப் பெருமைக்குச் சாட்சியாக இரண்டு பெரிய கதவுகள் மட்டும் மிச்சம். அவன் துபாய் போனான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேல் இருக்கும் குப்பத்துக்காரனான நான், வலைக்குப் போகாமல் மைக் செட் வைத்தேன். கல்யாணம், காதுகுத்து, தீமிதி எதுவானாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். ஒயர் விஷயம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். படித்துத் தெரிந்துகொண்டதில்லை. எரிந்துபோன ஆம்ப்ளிஃபயர்களைக் குடைந்து குடைந்து தெரிந்துகொண்டதுதான்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவான் சிநேகிதன். இந்தத் தடவை வந்தபோது அவன் மகள் அவனைப் பார்த்ததும் ஓடிப்போய் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அந்த மாமா எப்பம்மா அவங்க வூட்டுக்குப் போவாரு?" என்று தாயைக் கேட்டிருக்கிறாள். அதை அவன் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லி முடித்த பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தான்.

ஊரில் நாலைந்து பெரியவர்கள் கமிட்டியாகச் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, நம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். துபாய் ஆபீஸில் வேலை முடிந்தபின் சிநேகிதன் தானாகவே உட்கார்ந்து அந்த மிஷினைக் கற்றுக்கொண்டிருந்தான். கமிட்டியிடம் போய் வாத்தியார் வேலை கேட்டான். கமிட்டித் தலைவர் ஐஸ் பேக்டரி முதலாளி. அவர் சொன்னது இவ்வளவுதான். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் எல்லாரும் என் வூட்டுக்கு வராங்க. என் டிவியில காட்டு. திருப்தியா இருந்தா நீயே வாத்தியாரு. எதுக்கு அவ்ளோ தூரம் போய்க் கஷ்டப்படுற?"

அவர் தன் டிவியில் காட்டச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அந்த மிஷினின் படம் பிடிக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த கலர் டிவியில்தான் பிடிக்கும் என்று சிநேகிதன் சொன்னான். அப்படிப்பட்டது முதலாளி வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

மிஷினின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வட்டமாக ஐந்து துளை உள்ள சாக்கெட் ஒன்று, ஒற்றைத் துளையோடு இன்னொன்று. ஐந்து துளையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். என் டேப் ரிக்கார்டர் ஒயரின் முனையும் அதே ஐந்து முள்தான். எடுத்துவந்து சொருகினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

"பாத்தியா பாய், உனக்குன்னே செஞ்சு வெச்சிருக்கான்."

"சொருவுச்சுன்னா போதுமாடா? அது பாட்டு போற ஒயரு. படம் போற வழி வேற." ஐந்து முள்ளில் எது எதற்கென்று அவனுக்கும் முழுதாகத் தெரியவில்லை. துபாயில் அவன் சொருகியது ஒற்றைத் துளையில்தானாம். அதன் மறுமுனை டிவியில் ஆன்டெனா போகிற இடத்துக்குப் போகும் என்பது மட்டும் ஞாபகம்.

முதலாளி வீட்டுக்குப் போனோம். டிவி சுவரோடு சேர்த்து அடித்த கண்ணாடி ஷோகேஸுக்குள், நிற்கிற ஆளின் முகவாய் உயரத்தில் இருந்தது. பூட்டு வேறு. மொட்டை மாடியிலிருந்து ஆன்டெனா ஒயர் இறங்கிப் பின்னால் போயிருந்தது. டிவியை அங்குலம்கூட நகர்த்தக் கூடாது என்றார் முதலாளி. கையை இடுக்கில் விட்டு, ஏரியில் சேற்றுக்குள் இறால் தடவுகிறமாதிரி தடவி, ஆன்டெனா முனையைப் பிடுங்கி வெளியே எடுத்தேன். கட்டை விரல் மொத்தத்தில் ஒரு குமிழ், நடுவில் ஒரு முள்.

இதைப் பட்டணத்து ஒயர்க் கடைக்காரனுக்கு எப்படிச் சொல்வது? ஆன்டெனா ஒயரை அறுத்துக்கொண்டு போக முடியாது. கம்ப்யூட்டரைப் பஸ்ஸில் எடுத்துப்போகச் சிநேகிதனுக்கு மனசில்லை. அவன் மனைவிதான் ஒரு புதுச் சவர்க்காரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தனுப்பினாள். முதலாளி வீட்டுக்குத் திரும்பப் போய், ஒரு பக்கத்தில் குமிழை அழுத்தினேன். சிநேகிதன் வீட்டுக்கு வந்து, இன்னொரு பக்கத்தைக் கம்ப்யூட்டரின் ஒற்றைத் துளையில் வைத்து அழுத்தினோம். இரண்டும் சுத்தமாகப் பதிந்தன.

மறுநாள் பொன்னேரி வழியாகப் பட்டணம் போனேன். ரேடியோ சாமான் விற்கிற தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு கடைக்காரர் சவர்க்காரத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னாப்பா, கள்ளச் சாவி போடறவன்தான் சோப்போட வருவான். நீ ஒயருக்கு வந்திருக்கியே."

"ரெண்டு பக்கமும் வேற வேறங்க."

"அது தெரியுது. இந்தப் பக்கம் இன்னா, அந்தப் பக்கம் இன்னா, நடுவுல எவ்ளோ தூரம். மூணும் சொன்னாத்தான் ஒயரு. நீ ரெண்டு கொண்டாந்துட்ட, மூணாவது எங்க?"

மூணாவதை நான் யோசிக்கவே இல்லை. அவரிடம் அந்த ஜோடி முனையோடு இருந்தது ஒரு முழம் நீளம்தான். நீளமாக வேண்டுமென்றால் செய்து தர வேண்டும், அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இருந்ததை வாங்கிக்கொண்டு, கூடவே அதே சாதி ஆன்டெனா ஒயரில் ஒரு சுருளும் வாங்கி வந்தேன். அறுத்து நடுவில் சேர்த்தால் நீளமாகிவிடும், சால்டரிங் வைப்பது எனக்குப் புதிதா என்ன.

வியாழக்கிழமை காலையில் முதலாளி வீட்டில் அந்த முழ ஒயரை மாட்டினோம். நீளம் போதாததால் கம்ப்யூட்டரை நான் ஷோகேஸ் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலாளி கண்ணாடிப் பூட்டைத் திறந்துவிட, சிநேகிதன் டிவியின் சின்ன இழுப்பறையைத் திறந்து, ஸ்டேஷன் பிடிக்கிற பொடிச் சக்கரத்தை நகத்தால் உருட்டினான். திரையில் எறும்பு மொய்த்தது. உருட்டினான். எறும்பு கலைந்து, சட்டென்று நீலம். நீலத்தின்மேல் வெள்ளை எழுத்து. அவன் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்திலிருந்து கையை எடுக்கவும் இல்லை. எடுத்தால் போய்விடுமோ என்று பிடித்தபடியே நின்றான்.

முதலாளி பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா நாளைக்கும் இப்படி ஒருத்தன் தூக்கினு நிப்பானா? மேசை போட்டு, உக்காந்து காட்டு. பெரியவங்க வராங்க."

மேசை போட வேண்டுமென்றால் ஒயர் நீள வேண்டும். அன்று சாயங்காலம் திருப்பாலைவனத்தில் கோயில் விசேஷத்துக்கு என் மைக் செட். விட முடியாது. விடிந்ததும் வந்து சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி, ஒயரையும் சுருளையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம், "நாளைக்கு இத அறுத்து நடுவுல அத சேக்கணும், பாய் வேலைக்கு, பத்திரம்" என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் நைனா ஏரியில் வலை போடுகிறவர். சிநேகிதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம். அவன் ஊர் வரும்போதெல்லாம் எங்கள் படகில் ஏறி ஏரியைச் சுற்றுவான், அவனும் "நைனா" என்றுதான் கூப்பிடுவான்.

வெள்ளிக்கிழமை நான் ஏறிவந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து, படகுத்துறைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. படகுக்காரர் எடுத்த எடுப்பில் கேட்டார். "உன் சிநேகிதன் கொண்டாந்த டைப் அடிக்கிற மிஷின்ல பேப்பர் எங்க சொருவணும்னு கேட்டா உங்க நைனாவுக்கே தெரியலியே. ஆனா ஒயரு வேலைய அவரே முடிச்சிட்டாராம். காலைலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லினு இருக்காரு."

எனக்கு அந்தத் துடுப்பு போகிற வேகம் போதவில்லை.

வீட்டு வாசலில் நைனா ஒயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊர்ல கரண்டு இல்லடா. உன் சூட்டுக்கோல் எப்படிக் காயும்? பாய் பையன் வேல நிக்கக் கூடாதுன்னு நானே சேத்துட்டேன். இழுத்துப் பாரு."

வாங்கிப் பார்த்தேன். அந்த ஒயர் உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு வெள்ளை உறை, அதற்கும் மேலே மயிர்போல் மெல்லிய செம்புக் கம்பிகளால் பின்னிய ஒரு கூடு. உள்கம்பியும் கூடும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நைனா அதைக் கயிறாகப் பார்த்திருக்கிறார். அறுந்த வடத்தைச் சேர்க்கும்போது இரண்டு பக்கமும் அரைச் சாண் அளவுக்குப் புரி பிரித்து, புரிக்குள் புரி நுழைத்துப் பின்னுவார்களே, அதேபோல். முழ ஒயரை நடுவில் அறுத்து, இரண்டு துண்டிலும் உள்கம்பி, கூடு எல்லாவற்றையும் பிரித்து, சுருள் ஒயரின் இழைகளோடு சேர்த்து ஒரே பின்னலாகப் பின்னி, மேலே நைலான் நூல் சுற்றி, உப்புக்காற்று ஏறாமல் இருக்கப் படகுக்குப் பூசுகிற கீலையும் தடவியிருந்தார். இரண்டு இடத்திலும் அப்படியே. அவ்வளவு நேர்த்தியான மூட்டு. நாலு பேர் இழுத்தாலும் வராது.

"நைனா, உள்ள இருக்கிற கம்பிய தனியா வெச்சியா?"

"தனியா வெச்சா அது மட்டும் அறுந்துடும்டா. எல்லாத்தையும் சேத்தாத்தான் பலம்."

"தனியாத்தான் இருக்கணும். சேந்தா படம் வராது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "கயிறுன்னா அப்படி இல்லியே" என்று மெதுவாகச் சொன்னார். கடற்கரையில் யாரிடம் கொடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

அக்கரையில் பாங்கு சொல்வது கேட்டது. ஒயரையும் கத்தியையும் இன்சுலேஷன் டேப்பையும் எடுத்துக்கொண்டு படகில் ஏறினேன். நைனாவும் கேட்காமலே ஏறிக்கொண்டார். படகிலேயே மூட்டுகளை வெட்டி எறிந்தேன். இழைகளில் கீல் ஏறியிருந்ததால் அந்த அளவு ஒயர் முழுக்கப் போயிற்று. மிஞ்சிய முனைகளை உரித்து, உள்கம்பியோடு உள்கம்பி, கூட்டோடு கூடு முறுக்கி டேப் சுற்றுவதற்குள் கரை வந்துவிட்டது. சுருள் ஒயரைச் சேர்க்க இரண்டு மூட்டு வேண்டும். ஒரு மூட்டு போடத்தான் நேரம் இருந்தது. ஆகவே பழைய இரண்டு துண்டுகளையே ஒன்றோடொன்று சேர்த்தேன். முழமாக இருந்தது இப்போது கையளவு.

முதலாளி வீட்டுக் கூடத்தில் மேசை போட்டு, பூத்துணி விரித்து வைத்திருந்தார்கள். சிநேகிதன் வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். என் கையில் இருந்ததைப் பார்த்தான். நைனாவின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"மேசை வேணாம்" என்றான்.

தொழுகை முடிந்து கமிட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் கரண்டும் வந்துவிட்டது. ஒயரை மாட்டினோம். ஷோகேஸின் ஓரத்தில் நாலு விரல் அளவுக்குத்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் தூக்கிப் பிடிக்கப் போனேன். நைனா என்னைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரை வாங்கி, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, முகவாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார். சிநேகிதன் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று விசைகளைத் தட்டினான்.

நீலம் வந்தது.

கமிட்டிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். "இன்னா முதலாளி, மேசைக்கு மீசை இருக்குதே." எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். சிரித்ததில் கை ஆடி, திரையில் எழுத்துகள் நெளிந்தன. உடனே வாயை மூடிக்கொண்டு, மூச்சைக்கூடச் சின்னதாக விட்டார்.

சிநேகிதன் வாய்ப்பாடு போட்டுக் காட்டினான். பெரியவர் ஒருவர் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டார். திரை நிரம்ப வந்தது. அவர் தன் விரலில் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். பிறகு ஒரு வட்டம் மெதுவாகத் தன்னைத் தானே வரைந்துகொண்டது. கலர் மாறியது. கடைசியில் அரபி எழுத்துகளைக் காட்டினான். மிகவும் வயதானவர் ஒருவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார்.

சிநேகிதன் நன்றாகத்தான் செய்தான். ஸ்டூல்மேல் நிற்பதையே மறந்துவிட்டான். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பான் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

முடிந்ததும் முதலாளி எழுந்து வந்து, டேப் சுற்றிய அந்த மூட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தார். கேலியாகக் கேட்கவில்லை. கவலையோடுதான் கேட்டார்.

"தம்பி, இது எங்க வாங்கினது?"

"பட்டணத்துலங்க."

"நாளைக்கு இது போச்சுன்னா?"

"திரும்ப வாங்கிக்கலாம்."

"இப்பவே நீளமா கெடைக்கல, அடுத்த வாரம்னு சொன்னானாமே. உப்புக்காத்துல என் பேக்டரிச் சுவிச்சே மூணு மாசம் தாங்கறதில்ல. இந்த முள்ளு எத்தினி நாளு தாங்கும்? அப்ப பிள்ளைங்க இன்னா பண்ணும்? நீ இன்னா பண்ணுவ?"

சிநேகிதன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவன் பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்திருக்கலாம். எல்லாம் கிடைக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த ஒயர் எப்படிக் கிடைத்தது என்று அவனுக்குத் தெரியும். "தெரியலீங்க" என்றான்.

நைனா இன்னும் கம்ப்யூட்டரை ஏந்தியபடியே இருந்தார். யாரும் அவரிடம் இறக்கச் சொல்லவில்லை. சிநேகிதன்தான் ஸ்டூலிலிருந்து இறங்கி அதை வாங்கிக்கொண்டான்.

"குடுத்தா ஒழுங்கா நடக்கற மாதிரி குடுக்கணும்" என்றார் முதலாளி. "பாதியில நின்னா ஊரு உன்னையும் பேசும், என்னையும் பேசும். அடுத்த தடவ வரும்போது எல்லாம் ரெண்டு ரெண்டா கொண்டா. இன்ஷா அல்லாஹ், அப்ப ஆரம்பிப்போம்." மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கெட்டவர் ஒருவர் கெடுத்திருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அடுத்த தடவை என்றால் இரண்டு வருஷம்.

திரும்பும்போது படகில் நைனா உள்ளங்கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார். "நான் அறுக்காம வுட்டிருந்தா?" என்றார். கரை சேரும்வரை அந்த ஒரு கேள்விதான். நீளமான ஒயராக இருந்து, மேசைமேல் வைத்து உட்கார்ந்து காட்டியிருந்தால் முதலாளிக்கு அந்த மூட்டு கண்ணிலேயே பட்டிருக்காது, அந்தக் கேள்வியும் வந்திருக்காது. எனக்கு அப்படித் தோன்றியது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல நைனா, அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க" என்றேன். நம்பினாரா என்று தெரியாது.

திங்கட்கிழமை அவனை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மனைவி வரவில்லை, அவர்கள் வீட்டில் பெண்கள் வழியனுப்புவது வாசலோடு சரி. பஸ் கிளம்பியபின், அவன் மறந்து பையோடு எடுத்துவந்து என்னிடம் கொடுக்கச் சொன்ன வீட்டுச் சாவியைக் கொடுக்க நான் போனபோது அவள் கதவருகிலேயே நின்றிருந்தாள். பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ஓடி ஒளியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமாண்ணே?"

"கேளும்மா."

"படம் வந்துச்சில்ல?"

"நல்லா வந்துச்சும்மா."

"அதான் கேக்கறேன்" என்றாள். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையைச் சாப்பிட வா என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள். பிள்ளை நகரவில்லை.